தணிகாசலத்தின் குளிர்

அந்தக் கல்லடியில் வைத்த பால் திரியாது என்று வடகரடிக்குப்பத்துக்காரர்கள் கண்டுபிடிப்பதற்கு ரொம்ப காலம் முன்னாலிருந்தே அந்தக் கல் அங்கேதான் இருந்தது. அவில்தார் முனிரத்தினத்தின் கிணற்றடியில், பாறைக்கும் புங்க மரத்துக்கும் நடுவில், ஆள் மார்பு உயரத்துக்கு, சும்மா நட்டுவைத்த கல்லாக நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் அவர் மேலிருந்து கீழாகச் சீன எழுத்தில் என்னவோ எழுதிவைப்பார், மழை வந்து அழிக்கும், மழை விட்டதும் விளக்குக் கரியைப் பிசினில் குழைத்து மறுபடி எழுதுவார், மறுபடி மழை வரும், மறுபடி எழுதுவார், ஏனய்யா இந்த வேலை என்று அவரை யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒரு தலைமுறையே அதற்குள் ஏரிக்கரைச் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

வேலூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஓர் ஆளைப் பட்டாளத்துக்கு அனுப்புகிற ஊர் அது. போனவர்கள் ஏதாவது ஒரு கோணங்கித்தனத்தோடுதான் திரும்பி வருவார்கள். ஒருத்தர் பூட்ஸைக் கழற்றாமல் தூங்குவார், இன்னொருத்தர் மாட்டைப் பஞ்சாபியில் திட்டுவார், மாடும் கேட்டுக்கொள்ளும். முனிரத்தினம் கொண்டுவந்தது சீன எழுத்து. சாராயம் குடிக்கிறாரா, பெண்டாட்டியை அடிக்கிறாரா, எதுவும் இல்லை, எழுதுகிறார், அவ்வளவுதானே, எழுதிவிட்டுப் போகட்டும் என்று ஊர் விட்டுவிட்டது.

அவர் மனைவி அம்சவேணி மட்டும் விடவில்லை. "எனக்கு சக்களத்தி ஒருத்தி கீறா, அவளுக்குக் கூந்தலு ஆட்டு மயிரு" என்று அவருடைய தூரிகையைக் குழாயடியில் சொல்லிச் சிரிப்பாள். சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து, விளக்குக்கு மேல் கவிழ்த்த சட்டியிலிருந்து கரியைச் சுரண்டி அவளேதான் டப்பாவில் சேர்த்தும் வைப்பாள்.

கதை அறுபத்திரண்டாம் வருஷச் சீனச் சண்டையிலிருந்து வருகிறது. முனிரத்தினமும், அதே ஊர் தணிகாசலமும் தந்திக் கம்பி இழுக்கும் படைப்பிரிவில் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே வண்டியில் ஏறி, ஒரே மலையில் இறங்கி, ஒரே நாளில் பிடிபட்டார்கள். பிடிபட்டவர்களை வரிசையாக நடக்கவைத்துப் பனிக்குள் கொண்டுபோனபோது, ஒரு கணவாயில், "கொஞ்சம் குந்திட்டு வரேன் முனி" என்று சொல்லித் தணிகாசலம் ஒரு பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். பின்னாலிருந்து துப்பாக்கிக் கட்டை முதுகில் இடிக்க, வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. முனிரத்தினம் திரும்பித் திரும்பிப் பார்த்தார், உட்கார்ந்திருந்தான், மறுபடி பார்த்தார், உட்கார்ந்திருந்தான், அப்புறம் பனி வந்து மறைத்துவிட்டது.

ஊர் திரும்பியதும் அவர் இதை ஒன்றையும் மறைக்காமல் எல்லோர் முன்னாலும் சொன்னார். பட்டாளத்துக்காரர்கள் 'காணவில்லை' என்று எழுதிக்கொண்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் வேப்பமரத்தடியில் கூடி, "உக்காந்துகினு இருந்தான்னுதானே சொல்றான், செத்தான்னு சொல்லலையே" என்று முடிவு கட்டினார்கள். தணிகாசலத்தின் மனைவி பச்சையம்மாளுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறைந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அவள் மலையில் உட்கார்ந்திருக்கிறவனின் பெண்டாட்டியாகப் பொட்டும் பூவும் தாலியுமாக இருந்தாள். நலங்குக்கு அவளைக் கூப்பிட்டார்கள், சுமங்கலிகளுக்கு வெற்றிலை பாக்கு கொடுக்கும்போது அவளுக்கும் கொடுத்தார்கள், தலை நரைத்து அவள் பச்சையம்மாக்கா ஆன பிறகும் அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

முனிரத்தினத்துக்கு எழுத்து வந்தது கைதி முகாமில். மெங் என்று ஒருவன், சமையல்கட்டுச் சிப்பாய், அவர் வயசுதான் இருக்கும். அவன் அப்பாவுக்கு ஏதோ ஒரு சின்ன ஊரில் செத்தவர்களுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற வேலை. மெங் அடுப்பு தணிந்த நேரங்களில் வெந்நீரில் தூரிகையைத் தொட்டு மரப்பலகையில் எழுதுவான், எழுதியது ஆவியாகப் போய்விடும், மறுபடி எழுதுவான். முனிரத்தினம் விறகு கொண்டுபோடுகிற சாக்கில் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அரைகுறை இந்தி தெரிந்த இன்னொருவன் மூலமாக, மேலதிகாரி காதில் விழாதபடி, மெங் சொன்னது இதுதான்: எங்கள் மலையில் விழுந்தவனை எங்கள் எழுத்தில் கூப்பிட்டால்தான் மலைக்குக் கேட்கும். பெயரை எழுது. அதற்குக் கீழே, இது அவன் ஆவிக்கு இடம் என்று சொல்கிற கடைசி எழுத்தை எழுது. ஆனால் அந்த எழுத்தின் தலையில் வைக்கவேண்டிய புள்ளியை மட்டும் வைக்காதே. அதை முதலில் சிவப்பில் அவனுடைய உறவு வைக்கவேண்டும், அப்போது அவன் வாசல்வரை வருவான். அதன்மேலேயே கறுப்பில், கை பழகியவன் வைக்கவேண்டும், அப்போது வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிடுவான், அதற்கப்புறம் அவன் செத்தவன், அவனுக்குச் சோறு படைக்கலாம், அழலாம்.

விடுதலையாகி வரும்போது மெங் ஒரு தூரிகையைக் கொடுத்தனுப்பினான். எல்லையில் சோதனை போட்ட அதிகாரி அதைத் தூக்கிப் பிடித்து இதென்ன என்று கேட்க, ஷேவிங் பிரஷ் சார் என்று முனிரத்தினம் விறைத்து நின்று சொன்னார். அப்படி வந்து சேர்ந்ததுதான் அந்தப் பைத்தியம். பிறகு கல்கத்தாவில் இருந்த காலத்தில் லீவு நாளெல்லாம் அங்கிருந்த சீனச் செருப்புக் கடைக்காரர்களின் வாசலில் கிடந்தார். பென்ஷன் வாங்கி ஊர் வந்ததும், விடிந்தும் விடியாமல் கிணற்றில் ஒரு வாளி இறைத்து வைத்துக்கொண்டு பாறைமேல் எழுத ஆரம்பிப்பார், வெயில் ஏறினால் எழுதி முடிப்பதற்குள் முதல் எழுத்து காய்ந்துவிடும், காய்ந்த இடத்திலேயே மறுபடி எழுதுவார், தூரிகை தேய்ந்தால் ஆட்டுக் காது முடியை மூங்கிலில் கட்டிப் புதிதாகச் செய்துகொள்வார். அவருக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது. ஒரு கோட்டை இழுத்து, அதன் முனையில் கையை நிறுத்தி, வந்த வழியே கொஞ்சம் திரும்பி எடுக்கிற அந்த ஒரு இடத்தில், சாமி கும்பிடும்போதுகூடக் கிடைக்காத ஒரு நிம்மதி அவருக்குக் கிடைத்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

கல்லில் மட்டும் எப்போதும் ஒரே பெயர்தான். தணிகாசலம், அதற்குக் கீழே கடைசி எழுத்து, குறுக்கே மூன்று கோடு, நடுவே ஒரு நெடுங்கோடு, தலை காலி. எப்போது வைக்கப்போகிறாய் அந்தப் புள்ளியை என்று அம்சவேணி கேட்டால், கை இன்னும் வரவில்லை என்பார். பாறைமேல் நாளெல்லாம் புள்ளி புள்ளியாக வைத்துப் பழகுகிற மனுஷன் இப்படிச் சொல்வதைக் கேட்டு அவள் கரிச் சட்டியைச் சுரண்டப் போய்விடுவாள். பச்சையம்மாள் பொட்டோடு தெருவில் போவதை அவளும் தினம் பார்க்கிறவள்தானே.

ஒரு ஆடி வெள்ளிக்கிழமை. பச்சையம்மாள் அம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு, கையில் குங்குமச் சிமிழோடு கிணற்றடி வழியாக வந்தாள். முதல் நாள் மழையில் கழுவின கல்லில் அப்போதுதான் எழுதி ஈரம் காய்ந்திருந்தது. நிமிர்ந்து நிற்கிற கல்லைக் கண்டால் அந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்காது, மஞ்சளைத் தடவிக் குங்குமம் வைத்துவிட்டுத்தான் மறுவேலை, மைல்கல்லைக்கூட விடமாட்டார்கள். நெற்றி எங்கே என்று பார்த்தாள். மூன்று கோட்டுக்கு மேலே காலியாக இருந்தது. தன் நெற்றிக்கு வைக்கிற அதே குங்குமத்தில் விரலைத் தொட்டு, அங்கே அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் கல் வேர்த்திருந்தது. மறுநாள் வெயிலில் அதன்மேல் வெள்ளையாக, உப்புப் பூத்தது போல, பனி பிடித்திருந்தது. முனிரத்தினம் வந்து பார்த்தார். சிவப்புப் பொட்டைப் பார்த்தார். பாறைமேல் அப்படியே உட்கார்ந்தார். யார் வைத்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, உறவு வைத்தால்தான் அது பிடிக்கும். ஈரத்துணி கொண்டுவந்து துடைக்கப்போனார். துணி கல்லோடு உறைந்து ஒட்டிக்கொண்டது, பிய்த்து எடுத்தபோது துணிதான் கிழிந்தது. அன்றைக்கு அவர் பாறையில் எழுதவில்லை.

ஊர் என்ன செய்தது என்று கேட்டால், பால் கேனைக் கொண்டுவந்து வைத்தது. முதலில் வைத்தவள் யார் என்பதில் இன்றைக்கும் சண்டை உண்டு. காலையில் கறந்த பால் மறுநாள் காலைவரை அப்படியே இருந்தது என்பதில் சண்டை இல்லை. அப்புறம் தோசை மாவு வந்தது, கட்டின மல்லிகை வந்தது, டீக்கடை காதர் பாஷா கோலி சோடாவைச் சாக்கு சாக்காகக் கொண்டுவந்து அடுக்கினார், நர்ஸம்மா குழந்தைகளுக்குப் போடுகிற ஊசி மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து, ஒரு நோட்டம் விட்டு, எல்லோருக்கும் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். வேர்க்குரு வந்தவர்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். காய்ச்சல் வந்த பிள்ளையைக் கல்லடியில் கிடத்தினால் கொஞ்ச நேரத்தில் காய்ச்சல் இறங்கியது, அந்த நேரத்துக்குக் கல்லில் பனி உருகிச் சொட்டியது. இறங்கின காய்ச்சல் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. இறங்கினால் போதாதா.

கரண்டு நாளைக்குப் பாதி நேரம் இல்லாத ஊருக்கு இது சாமி கொடுத்தது என்றார் பூசாரி. "சாமி இல்ல, சீனாக்காரன் குடுத்தது, பீங்கான் குடுத்தான், பட்டாசு குடுத்தான், இப்ப இது" என்றார் பஞ்சாயத்துத் தலைவர் லோகநாதன். பக்கத்து ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு கேனுக்கு மேல் வைக்கக்கூடாது என்று உள்ளூர்க்காரர்கள் கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று கிழவிகள் தாங்களாகவே ஒரு சட்டம் போட்டார்கள், காரணம் கேட்டதற்கு, "வேணாம்னா வேணாம்" என்றார்கள்.

பச்சையம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைத்தாள். வைக்க வைக்கக் குளிர் ஒரு முழம் அகலமானது, இன்னும் நாலு கேன் வைக்க இடம் கிடைத்தது. மறந்தால் காதர் பாஷாவே வீட்டுக்கு வந்து, "யக்கா, இன்னிக்கு வெள்ளிக்கிழமைக்கா" என்று வாசலில் நின்று ஞாபகப்படுத்துவார்.

கல்லடியில் எப்போதும் ஒரு சத்தம் இருந்தது. கடகடவென்று, விட்டுவிட்டு. சோடாப் பாட்டில் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் என்று எல்லோரும் நினைத்தார்கள். காற்றே இல்லாத நாளிலும் கேட்டது. பாட்டிலை எல்லாம் எடுத்துவிட்ட பிறகும் கேட்டது. அதற்கும் ஊர் பழகிப்போயிற்று. முனிரத்தினம் மட்டும் அந்தச் சத்தம் கேட்கிற நேரமெல்லாம் காதில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு எழுதினார். அவர் எழுத்து முதல்முறையாகக் கெட்டுப்போக ஆரம்பித்தது, கோடுகள் நடுங்கின, தூரிகையைக் கழுவாமல் போட்டுவிட்டு எழுந்து போனார்.

மார்கழியில் ஒரு காலை, பாலுக்கு வந்த பெண்கள் எல்லாம் போன பிறகு, பச்சையம்மாள் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். முனிரத்தினம் பாறையில் வாளியோடு உட்கார்ந்திருந்தார்.

"ண்ணா" என்றாள். "எங்க கல்யாணத்தன்னிக்கு விடியக்காலையில நலங்கு வெச்சித் தலைக்குத் தண்ணி ஊத்தினாங்க. தை மாசம், நல்ல பனி. ஈர வேட்டியோட மணையில குந்திகினு பல்லு தந்தியடிச்சிது அவருக்கு. கடகடன்னு அடிச்சி, ஸ்ஸுன்னு ஒரு மூச்சு இழுத்து நிறுத்துவாரு, மறுபடி அடிக்கும். எல்லாரும் சிரிச்சாங்க. அவரைப் பத்தி எனக்கு ஞாபகம் கீறது அது ஒண்ணுதான். முகம்கூட மறந்துபோச்சி."

முனிரத்தினம் வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கல்லு மூச்சு இழுக்குதுண்ணா. இது இன்னா எழுதி வெச்சிருக்க நீ?"

அவர் சொன்னார். பெயரைச் சொன்னார், மெங் சொன்னதைச் சொன்னார், சிவப்பு எது, கறுப்பு எது என்று சொன்னார். எல்லாவற்றையும் அவருக்கே உரிய பட்டாளத்து மாதிரியில், ரிப்போர்ட் கொடுப்பது போல, முன்னே பின்னே இல்லாமல் சொன்னார்.

"அப்ப, நான் வெச்ச பொட்டுதான் அவரை இஸ்துகினு வந்துது."

"ஆமாம்மா."

"கறுப்பு வெச்சா?"

"செத்தவனாயிடுவான்."

"இப்ப?"

"இப்ப வாசல்ல நிக்கிறான். அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல."

பச்சையம்மாள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து முனிரத்தினத்துக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. "கறுப்பு வெக்காதண்ணா" என்றாள். "வந்துட்டாரு இல்ல. அது போதும்."

அதற்கப்புறம் அவள் கல்லடியிலேயே குடியிருந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். கல்லுக்கு ராணுவக் கம்பளி போர்த்தினாள், கம்பளி பலகை போல விறைத்தது. சுடச்சுடக் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டு வந்து வைத்தாள், கையை எடுப்பதற்குள் ஆவி அடங்கி அது கல்லானது. பகலெல்லாம் அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, ஊரில் யார் யாருக்குக் கல்யாணம் ஆயிற்று, யார் யார் செத்தார்கள், ஏரி எந்த வருஷம் உடைந்தது என்று பேசிக்கொண்டிருந்தாள். மூக்கில் மூக்குத்தியும் தலையில் பூவுமாக, கிழவி புதுப்பெண் மாதிரி கீறாளே என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவள் வெட்கப்படவும் செய்தாள். அவள் விரல் நுனிகள் நாவல்பழ நிறத்துக்கு வந்தன, உதடு வெளுத்தது, நாளுக்கு நாள் இளைத்தாள். அம்சவேணி அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போய் அடுப்படியில் உட்காரவைத்துக் கஞ்சி கொடுப்பாள், குடித்துவிட்டு மறுபடி கல்லுக்கே போய்விடுவாள்.

"வெச்சித் தொலையேன்யா அந்தப் புள்ளிய" என்றாள் அம்சவேணி ஒருநாள், தட்டை டக்கென்று வைத்து. "அந்தக் கல்லு அவளைக் குடிச்சிகினு கீது. உனக்குக் கண்ணு இல்ல?"

"அவ வேணாம்ங்கிறா."

"அவ அப்படித்தான் சொல்லுவா. பெரிசா எழுதுறியே, நீ இன்னா சொல்ற?"

ஆயுசு முழுக்க எழுதிப் பழகியது ஒரு புள்ளி வைப்பதற்காகவா, அல்லது அதை வைக்காமலே இருப்பதற்காகவா என்று முனிரத்தினத்துக்கே இப்போது தெரியவில்லை. கறுப்பு வைத்தால், பாறையில் உட்கார்ந்திருந்த தணிகாசலம் செத்துப்போவான். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்ததெல்லாம் அதோடு முடிந்துவிடும். அந்த நினைப்பை அவரால் தாங்க முடியவில்லை.

சித்திரை வந்தது. கத்திரி வெயிலில் தார் ரோடு செருப்பில் ஒட்டியது, காக்கைகள் கிணற்றடிக்குக் குடிவந்தன, கல்லைச் சுற்றிக் குளிர் களம் அளவுக்கு அகலமாகியிருந்தது, கிணற்றுத் தண்ணீரில் காலையில் ஆடை மாதிரி பனி கட்டியது, சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் பச்சையம்மாளின் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. விடிந்து தேடியபோது கல்லோடு ஒட்டிச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. ஏய் என்று அதட்டினாள், அசையவில்லை. கிட்டே போய்ப் பார்த்தாள். இமை மயிரில் பனி பூத்திருந்தது. நின்றபடியே செத்திருந்தது. நாலு பேர் சேர்ந்து பிரித்தெடுக்கும்வரை அது கீழே விழவே இல்லை.

ஊர் கூடியது. ஒரு வேலி போட்டுவிடலாம் என்றார் லோகநாதன். மாட்டை எட்டக் கட்டினால் போயிற்று என்றார்கள். ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு அவரவர் பால் கேனையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள்.

பச்சையம்மாள் கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கல்லிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது, கடகடவென்று, ஒரு மூச்சு, மறுபடி. ஒரு கன்றின் சூடு முழுசும் போய் அந்தக் குளிரில் ஒரு துளிகூடக் குறையவில்லை. அவள் எழுந்து நேரே முனிரத்தினத்திடம் வந்தாள்.

"ண்ணா, அவரு என்னைத் தேடிகினு வரல. சூட்டைத் தேடிகினு வந்திருக்காரு. காய்ச்சக்காரப் புள்ளையும் ஒண்ணு, கன்னுக்குட்டியும் ஒண்ணு, நானும் ஒண்ணு. நான் பேசினது ஒரு வார்த்தைகூட அவர் காதுல ஏறல."

"தெரியும்மா."

"வாசல்ல குளிர்ல நிக்க வெச்சிட்டு எனக்கு இன்னா பூவும் பொட்டும்" என்றாள். அழவில்லை. "உள்ள கூப்பிடுண்ணா."

செய்தி பரவியதும் காதர் பாஷா ஓடிவந்தார். "அவில்தாரே, இந்த வெயில் ஒண்ணு போவட்டும், ஆனி வந்தா வெச்சிக்கலாம்" என்றார். பச்சையம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்கு சோடா கீது, எனக்கு புருஷன்" என்றாள். காதர் பாஷா தலையைக் குனிந்துகொண்டு பாட்டில்களைச் சாக்கில் எடுத்துப் போட ஆரம்பித்தார். ஆளாளுக்கு வந்து கேனை எடுத்தார்கள், மாவுத் தூக்கை எடுத்தார்கள், நர்ஸம்மா மருந்துப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு நடந்தாள். சிலர் எடுக்கவில்லை, அவர் புள்ளியை வைத்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்கள்.

புள்ளி வைப்பதை உச்சி வெயிலில் வைத்துக்கொண்டார்கள். அம்சவேணி தன் கையாலேயே கரியைக் குழைத்துக் கொண்டுவந்தாள். ஊரே குளிருக்கு வெளியே வட்டம் கட்டி நின்றது. முனிரத்தினம் பட்டாளத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தூரிகையைத் தோய்த்து, அதன் வயிறு நிறைந்து முனை கூர்ந்திருக்கிறதா என்று பார்த்து, கல்லை நோக்கிப் போனார். முதுகு நேராக இருந்தது. மூச்சை அடக்கி, பொட்டுக்கு மேல் கையைக் கொண்டுபோனார்; தொடுவதற்கு முன்னாலேயே தூரிகை ஆணி மாதிரி விறைத்துவிட்டது. மை உறைந்துபோயிற்று. திரும்பி வந்து வெயிலில் காட்டி இளக்கி மறுபடி போனார், மறுபடி உறைந்தது. வெந்நீரில் தோய்த்துப் போனார், ஆவியோடு போய் ஐஸ் குச்சியாகத் திரும்பினார். இதை மெங் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, கல்கத்தாச் செருப்புக்கடையில் யாரும் சொல்லவில்லை, பாறைமேல் எழுதின எந்த விடியலிலும் இது வரவில்லை. எழுத்து முழுவதும் கையில் இருந்தது, கொஞ்சம் சூடு மட்டும் இல்லை. உள்ளேயிருந்து அந்தப் பல் சத்தம் அவர் முகத்துக்கு நேரே கேட்டது, இவ்வளவு கிட்டத்தில் அதை அவர் கேட்டதே இல்லை. "தணிகாசலம், கொஞ்சம் இருடா" என்று அவர் வாய்விட்டே சொன்னார்.

பச்சையம்மாள் வட்டத்திலிருந்து வந்தாள். அவர் பக்கத்தில், கல்லோடு உரசி நின்றாள். அவர் கையிலிருந்த தூரிகையை அப்படியே மையோடு எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

அவள் கண்ணை மூடி, குழந்தைக்கு ஊட்டுகிற மருந்தைச் சூடு பார்க்கிற மாதிரி அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். கறுப்பு அவள் கடைவாயில் வழிந்து மோவாயில் இறங்கியது. பிறகு எடுத்துக் கொடுத்தாள். தூரிகை முனையிலிருந்து ஆவி வந்தது.

முனிரத்தினம் வைத்தார். அவர் வைக்க நினைத்த புள்ளி வேறு, கையை இறக்கி, திருப்பி, வந்த வழியே எடுக்கிற அந்த அழகான புள்ளி வேறு. இது கோணலாக விழுந்து ஓரத்தில் கசிந்தது, சிவப்பை முழுசாக மூடியது. அதை அவரைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. பல் சத்தம் ஒருமுறை கடகடத்தது. மூச்சு இழுத்தது. அடுத்த சத்தம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

வரவில்லை.

புங்க மரத்திலிருந்து பனி உருகித் தூறல் மாதிரி கொஞ்ச நேரம் சொட்டியது. அப்புறம் வெயில் ஏறியது. கத்திரி வெயில் அத்தனை மாதம் நுழைய முடியாமல் வெளியே நின்றது போல ஒரேயடியாக உள்ளே வந்தது, ஈரம் காய்ந்தது, தரை காய்ந்தது, கிணற்றடியில் எடுக்காமல் விட்டுவைத்த பால் ஒரு கேனில் பொங்கித் திரிந்தது, அதன் புளித்த வாடையில் கூட்டம் மூக்கைச் சுளித்துக் கலைய ஆரம்பித்தது. கிழவிகள் மட்டும் போகவில்லை. பச்சையம்மாளின் பொட்டை யார் போய் எடுப்பது என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்சவேணி அவர்களுக்கும் பச்சையம்மாளுக்கும் நடுவில் போய் நின்று, "வூட்டுக்குப் போங்க" என்றாள்.

முனிரத்தினம் அழுதுகொண்டிருந்தார். முகாமிலும் அழாதவர், ஊர் வந்தும் அழாதவர், கையில் தூரிகையோடு, தணிகாசலம், தணிகாசலம் என்று பெயர் சொல்லி, செத்த வீட்டில் அழுவது போல அழுதார். யாரும் அவரைத் தேற்றவில்லை. அழவேண்டியதுதானே என்று விட்டுவிட்டார்கள்.

பச்சையம்மாள் கல்லின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. உச்சி வெயிலில் கல் காய்ந்த தோசைக்கல்லாகக் கொதித்தது, பக்கத்தில் நின்றவர் காலுக்கே அனல் அடித்தது. முனிரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"கையை எடும்மா" என்றார். "கொப்புளிச்சிடும்."

அவள் வாயெல்லாம் கறுப்பு. திரும்பி அவரைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்ணா" என்றாள். "இப்பதான் அவருக்கு சூடு ஏறுது."